தாடைக்கும் வயிற்றுக்கும் கொழுப்பு கரைக்கும் ஊசி: பார்லரில் போட்டுக்கொள்ளலாமா?

செந்தூல் மீனா:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஆவணியில் தம்பி கல்யாணம். நிச்சயதார்த்தப் படங்கள் வந்ததில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை, பக்கவாட்டில் எடுத்த எல்லாப் படத்திலும் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வயிறும் இறங்கவே இல்லை. வேலை, பிள்ளைகள், ஃபெடரல் ஹைவே ஜாம், இதற்கு நடுவில் ஜிம்முக்கு எங்கே போவது.

கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி கிள்ளானில் ஒரு பார்லருக்குப் போகிறாள். அங்கே கொழுப்பு கரைக்கும் ஊசி போடுகிறார்கள். கொரியா மருந்தாம், பழத்தில் இருந்து எடுத்ததாம், கொழுப்பை மட்டும்தான் கரைக்குமாம், மறுநாளே வேலைக்குப் போகலாமாம். தாடைக்கு மட்டும் என்றால் 280 வெள்ளி, வயிறும் சேர்த்தால் 500. டாக்டர் வைத்து நடத்தும் ஒரு கிளினிக்கில் கேட்டேன், தாடைக்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் சொன்னார்கள், அதுவும் ஒரு தடவையில் முடியாதாம். எதற்கு இவ்வளவு வித்தியாசம்?

பார்லர்காரம்மாவிடம் இது பதிவான மருந்தா என்று கேட்டேன். "கேகேஎம் அப்ரூவ்ட்" (மலேசிய சுகாதார அமைச்சின் அனுமதி பெற்றது) என்று சொல்லி பெட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் என்ஓடி என்று ஆரம்பித்து கே என்று முடியும் ஒரு நம்பர் இருக்கிறது. அது போதுமா? ஊசி போட்டால் கொழுப்பு திரும்ப வருமா? வயிற்றுக்கு வேலை செய்யுமா?

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் சிரிப்பார், அப்புறம் விலையைக் கேட்பார். "நீ இப்படியே அழகுதான்" என்று யாரும் எழுத வேண்டாம், அதை அம்மா தினமும் சொல்கிறார்.


குளுகோர் பார்மசிஸ்ட்:

முதலில் அந்த நம்பர். நீங்கள் கேட்டதில் அதுதான் முக்கியம், மற்றது எல்லாம் அதற்கு அப்புறம்.

என்ஓடி என்று ஆரம்பித்து கே என்று முடிவது அழகுசாதனப் பொருளுக்கான அறிவிப்பு எண். முகத்துக்குப் பூசும் கிரீம், ஷாம்பு, உதட்டுச்சாயம், இவற்றுக்குக் கொடுப்பது. விற்கிற கம்பெனி, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏவிடம் "இப்படி ஒரு பொருளை விற்கப் போகிறேன்" என்று அறிவித்தால் கிடைக்கும் எண் அது. உடம்பின் வெளிப்புறத்தில் பயன்படுத்தும் பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஊசி வழியாக உள்ளே போகும் எதுவும் சட்டப்படி அழகுசாதனம் ஆகவே முடியாது. ஆக, ஊசி மருந்துப் பெட்டியில் என்ஓடி நம்பர் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, அதுவே ஆபத்தின் அடையாளம். ஒன்று, பூசுவதற்கு என்று அறிவித்துவிட்டு ஊசியில் ஏற்றுகிறார்கள். அல்லது வேறு ஏதோ பொருளின் நம்பரை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எதுவானாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

மருந்து என்றால் எம்ஏஎல் என்று ஆரம்பித்து எட்டு இலக்கம், அதன் பின் எழுத்து வரும். பெட்டியில் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். நம்பரை வாங்கி என்பிஆர்ஏவின் குவெஸ்ட் தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம், யாரும் பார்க்கலாம். நம்பர் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அங்கே வரும் பொருளின் பெயரும் கம்பெனியின் பெயரும் உங்கள் கையில் இருக்கும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இனி மருந்து. இந்த வகையில் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது டியாக்சிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இயற்கையாகவே இருப்பது, சாப்பாட்டில் உள்ள கொழுப்பைச் செரிக்க உதவுவது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 ஏப்ரலில் கைபெல்லா என்ற பெயரில் இதற்கு அனுமதி கொடுத்தது. எதற்கு என்று கவனியுங்கள்: பெரியவர்களுக்கு, தாடைக்குக் கீழே இருக்கும் கொழுப்புக்கு மட்டும். வயிறு, கை, தொடை, முதுகு எதற்கும் அந்த அனுமதி இல்லை.

"கொழுப்பை மட்டும் கரைக்கும்" என்று பார்லரில் சொன்னது பொய். இது எண்ணெய்ப் பிசுக்கில் சோப்பு வேலை செய்வது போல செல்லின் சவ்வை உடைக்கிறது. கொழுப்புச் செல்லுக்கும் சவ்வு உண்டு, தோலுக்கும் தசைக்கும் நரம்புக்கும் உண்டு. புரதம் நிறைய இருக்கும் இடத்தில் மருந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வீரியம் குறைந்துவிடும், கொழுப்புத் திசுவில் புரதம் குறைவு என்பதால் அங்கே சேதம் அதிகம். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் மொத்த சிகிச்சையும் நடக்கிறது. சரியான ஆழத்தில், சரியான அளவில் போட்டால் கொழுப்பு போகும். தோலுக்கு மிக அருகில் போட்டால் தோல் புண்ணாகி அழுகும். தாடையோர நரம்புக்குப் பக்கத்தில் போட்டால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுக்காது. ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கும் பகுதியே செத்துப்போகலாம். ஹயலுரோனிக் அமில ஃபில்லர் (சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்பும் ஊசி) போட்டுத் தவறாகிவிட்டால் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்று மாற்று மருந்து இருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் கிடையாது. உள்ளே போனது போனதுதான்.

இதன் வரலாறும் கொஞ்சம் வேடிக்கையானது. லிப்போஸ்டாபில் என்று ஒரு மருந்து, பாஸ்பாடிடைல்கோலினும் டியாக்சிகோலேட்டும் கலந்தது, கொழுப்புக் கட்டி ரத்தக்குழாயை அடைக்கும் நோய்க்கு ரத்தக்குழாயில் ஏற்றுவதற்காக வந்தது. பிரேசிலில் அதை எடுத்து அழகுக்காகப் போட ஆரம்பித்து, பரவிப்போய், 2000களின் தொடக்கத்தில் அந்த நாட்டு அதிகாரிகளே தடை போட வேண்டியதாயிற்று. பாஸ்பாடிடைல்கோலின்தான் கொழுப்பைக் கரைக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, அதைக் கரைத்து வைப்பதற்காகச் சேர்த்த டியாக்சிகோலேட்தான் அசல் வேலையைச் செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. தாங்கள் எதைப் போடுகிறோம் என்பது போடுகிறவர்களுக்கே தெரியாமல் பல வருடம் ஓடியிருக்கிறது.

கொரியா, பழம் என்கிறீர்கள். லெமன் பாட்டில் என்ற பெயரில் விற்கும் ஊசி வகையாக இருக்கலாம். லெசித்தின், ரிபோஃபிளேவின், அன்னாசியில் இருந்து எடுக்கும் புரோமெலைன் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அன்னாசியைச் சாப்பிடலாம் என்பதால் அதில் இருப்பதைத் தோலுக்கு அடியில் ஏற்றலாம் என்று ஆகிவிடாது. அதோடு இப்படிப் பெயர் எடுத்த பாட்டிலுக்குப் போலியும் சுற்றும். 2023இல் எஃப்டிஏ, அனுமதி இல்லாத கொழுப்பு கரைக்கும் ஊசிகளால் நிரந்தரத் தழும்பு, கடுமையான தொற்று, தோல் சிதைவு, கட்டி, வலிக்கும் முடிச்சு எல்லாம் வந்ததாகப் புகார்கள் வருகின்றன என்று எச்சரித்தது. அக்வாலிக்ஸ், லிப்போடிசால்வ், லிப்போ லேப், காபெலின் என்று பெயர்களையும் போட்டது. இவை எல்லாம் இங்கே டெலிகிராம் குழுக்களில் சர்வ சாதாரணமாக விற்கின்றன.


கெப்போங் நடராஜா:

இதெல்லாம் எதுக்கும்மா. தினம் ஒரு மணி நேரம் நட, ராத்திரி ரொட்டி சானாயையும் தே தாரிக்கையும் நிறுத்து. மூணே மாசம். காசும் மிச்சம்.


செந்தூல் மீனா:

அண்ணே, நான் ராத்திரியில் ரொட்டி சானாய் சாப்பிடுவதாக எங்கேயும் எழுதவில்லையே.


பட்டர்வொர்த் ஜெயந்தி:

மீனா, எங்கள் அண்ணிக்கு நடந்ததைச் சொல்கிறேன், முடிவு உங்கள் கையில்.

அண்ணி கைக்குப் போட்டார், புஜத்துக்குப் பின்னால் தொங்குமே, அங்கே. இங்கே பிறை பக்கம் ஒரு அழகு நிலையம், பெயர் வேண்டாம். போட்டது ஊசி போடப் படித்த ஆள் இல்லை, ஏதோ ஒரு நாள் கோர்ஸ் முடித்துச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்த பெண். அன்றைக்கே எரிச்சல் தாங்க முடியவில்லை. கேட்டதற்கு "கொழுப்பு கரையுது, அப்படித்தான் இருக்கும்" என்று ஐஸ் வைக்கச் சொன்னார்களாம். இரண்டொரு நாளில் தோலில் ஊதா நிறத்தில் வலை மாதிரிப் படர்ந்து, நடுவில் கறுத்துவிட்டது. அப்போதும் அண்ணி டாக்டரிடம் போகவில்லை, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்தார், அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்று முழுக்கை சட்டை. காய்ச்சல் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. செத்த தோலை வெட்டி எடுத்து, இன்னொரு இடத்தில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் எதில் என்றால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி "என்ன மருந்து போட்டார்கள்?" பதில் யாரிடமும் இல்லை. அழகு நிலையத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பாட்டிலும் இல்லை, பெட்டியும் இல்லை, ரசீதில் "ஸ்லிம்மிங் பேக்கேஜ்" என்று மட்டும் போட்டிருந்தது. டாக்டர்கள் குருட்டாம்போக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் இதை எழுதத் தோன்றியது. போடுகிறீர்களோ இல்லையோ, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.


பிஜே சுபா:

எல்லாரும் பயமுறுத்துவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நான் தாடைக்குப் போட்டுக்கொண்டேன். தோல் டாக்டர், பதிவான கிளினிக், பாட்டிலை என் கண் முன்னால் உடைத்தார். பலனும் கிடைத்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே டபுள் சின், அப்பா ஒல்லிக்குச்சி, அவருக்கும் இருக்கிறது, ஆக கெப்போங் அண்ணன் சொல்கிற நடையெல்லாம் இதற்கு வேலைக்கு ஆகாது. பரம்பரை.

ஆனால் "மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்பதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. முதல் தடவை போட்டுவிட்டு கண்ணாடியைப் பார்த்து அழுதேன். தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டது. வீக்கம் இறங்க ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது, கன்றல் அப்புறம் மஞ்சளாகி மறைந்தது, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போனது இன்னும் நாள் பிடித்தது. உள்ளே கல் மாதிரி கட்டி கட்டியாகத் தெரிந்தது, அதுவும் மெதுவாகத்தான் கரைந்தது. ஆபிசில் பல் பிடுங்கியதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

ஊசி என்றால் ஒரே ஊசி இல்லை, தெரியும்தானே? முதலில் பேனாவால் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்கிறார்கள், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, புள்ளிக்கு 0.2 மில்லி. ஒரே அமர்வில் 50 குத்து வரைக்கும் போகலாம். அடுத்தது குறைந்தது ஒரு மாதம் கழித்து, அதிகபட்சம் ஆறு அமர்வு. எனக்கு முதல் தடவையில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவதற்குப் பிறகுதான் வித்தியாசம். உங்கள் தம்பி கல்யாணம் ஆவணி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், கடைசி அமர்வின் வீக்கத்தோடு மணமேடையில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் கல்யாணத்துக்கு முன் அவசரமாகப் போட வேண்டாம்.

விலை வித்தியாசம் ஏன் என்று கேட்டீர்கள். அந்த டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன்னால் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு வீங்கியிருக்கிறதா, நெறி கட்டியிருக்கிறதா, விழுங்கச் சிரமம் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, கர்ப்பமா என்று எல்லாம் கேட்டார். எனக்கு முன்னால் வந்த ஒருவருக்கு ஊசி கிடையாது, போய் ஸ்கேன் எடுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். பார்லரில் வந்த ஆளைத் திருப்பி அனுப்புவார்களா?


வார்டு அக்கா (கேஎல்):

நான் தோல் பிரிவில் நர்ஸ். சுபா எழுதியது எல்லாம் சரி, எதுவும் மிகை இல்லை. கைபெல்லாவுக்கு அனுமதி வாங்குவதற்காக நடந்த சோதனையில், மருந்து போட்ட சுமார் 500 பேரில் 87 சதவீதம் பேருக்கு வீக்கம், 72 சதவீதம் பேருக்குக் கன்றல், 70 சதவீதம் பேருக்கு வலி, 66 சதவீதம் பேருக்கு மரத்துப்போதல். அதாவது, இவை பக்கவிளைவு என்று சொல்வதைவிட சிகிச்சையின் பகுதி என்றே சொல்லலாம். தாடையோர நரம்பு பாதித்து சிரிப்பு கோணிப்போனது 4 சதவீதம் பேருக்கு. எல்லாருக்கும் சரியானது, பாதிப் பேருக்கு 44 நாளுக்குள், ஒருவருக்கு 298 நாள் வரைக்கும் இழுத்தது. விழுங்கச் சிரமப்பட்டவர்கள் 2 சதவீதம். பயிற்சி உள்ள டாக்டர்கள், சுத்தமான மருந்து, சரியாகத் தேர்ந்தெடுத்த ஆட்கள், இத்தனையும் இருந்து வந்த கணக்கு இது. பார்லருக்கு இப்படி ஒரு கணக்கே கிடையாது, ஏனென்றால் அங்கே யாரும் எண்ணுவது இல்லை.

எனக்கு அதிகம் கவலை மருந்தைவிடத் தொற்றுதான். ஒரே பாட்டிலில் இருந்து நாலு பேருக்கு உறிஞ்சுவது, ஊசியை மாற்றி சிரிஞ்சை மாற்றாமல் விடுவது, குழாய்த் தண்ணீரில் கை கழுவிவிட்டு அப்படியே வேலை செய்வது. ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியில் வரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. காசநோய்க் கிருமியின் உறவுக் கூட்டம், தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது, மைக்கோபாக்டீரியம் செலோனே மாதிரி. ஊசி போட்ட அன்று ஒன்றும் இருக்காது. வாரக்கணக்கு கழித்து, ஊசி குத்திய இடங்களில் வரிசையாகச் சிவந்த கட்டிகள் எழும்பும். கிளினிக்கில் சாதாரண ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், அடங்காது. திசுவை வெட்டி எடுத்துத் தனியாக வளர்த்துப் பார்த்தால்தான் கிருமி தெரியும், அதற்கு அப்புறம் மாதக்கணக்கில் மருந்து. 2005இல் வாஷிங்டன் வட்டாரத்தில், உரிமம் இல்லாத ஆளிடம் போய் இப்படிப்பட்ட அழகு ஊசி போட்டுக்கொண்ட 14 பேருக்கு ஊசி குத்திய இடங்களில் பிரச்சினை வந்து, இந்தக் கிருமிதான் என்று சந்தேகித்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கையே வெளியிட்டது. புதுக் கதை இல்லை.

வயிறு பற்றிக் கேட்டீர்கள் மீனா. இரண்டு பிள்ளை பெற்ற வயிறு இறங்காததற்குக் கொழுப்பு மட்டும் காரணம் இல்லை. நடுவில் இருக்கும் தசை இரண்டாகப் பிரிந்து நிற்கலாம், தோல் தொய்ந்திருக்கலாம், உறுப்புகளைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எதற்கும் தோலுக்கு அடியில் போடும் ஊசியால் ஒன்றும் ஆகாது. தொய்ந்த தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பை எடுத்தால் இன்னும் தொய்வாகத்தான் தெரியும். தசை பிரிந்திருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் கையால் தொட்டே சொல்லிவிடுவார், அரசாங்க ஆஸ்பத்திரியில் சில வெள்ளியோடு முடிகிற விஷயம். 500 வெள்ளிக்கு முன் அதைப் பாருங்கள்.

கொழுப்பு திரும்ப வருமா என்றும் கேட்டீர்கள். செத்த செல் திரும்ப வராது. ஆனால் மிச்சம் இருக்கும் செல்கள் எடை கூடினால் பெருத்துப்போகும். எடையைக் குறைக்கும் மருந்து இல்லை இது. இன்னொன்று, ஓசெம்பிக் வகை ஊசியையும் இதையும் நிறைய பேர் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பசியைக் குறைத்து உடம்பு முழுக்க எடை இறங்க வைப்பது, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாதது, அதன் கதை வேறு. இது போட்ட இடத்தில் மட்டும் செல்லைச் சாகடிப்பது. பார்லரில் "ஸ்லிம் ஊசி" என்று பொதுவாகச் சொல்லி எதை வேண்டுமானாலும் போடுவார்கள்.


கெப்போங் நடராஜா:

சரி சரி, ரொட்டி சானாயை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு கேள்வி. இத்தனை ஆபத்துன்னா பார்லர்காரங்களை அரசாங்கம் ஏன் விட்டு வெச்சிருக்கு?


குளுகோர் பார்மசிஸ்ட்:

விட்டு வைக்கவில்லை அண்ணே, சட்டம் கடுமையாகவே இருக்கிறது. தனியார் மருத்துவச் சேவைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் கிளினிக் வேலை செய்தால் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அழகு நிலையத்தில் ஊசி போடுவது அதில்தான் வரும். சுகாதார அமைச்சு சோதனை போட்டுப் பிடிக்கிறது, பத்திரிகையிலும் வருகிறது. ஆனால் ஒரு பார்லர் என்பது ஒரு நாற்காலி, ஒரு படுக்கை, ஒரு போன். இங்கே மூடினால் பக்கத்து தாமானில் வேறு பெயரில் திறந்துவிடுவார்கள். சிலர் ஹோட்டல் அறை எடுத்துப் போடுகிறார்கள், சிலர் வீட்டுக்கே வருகிறார்கள். 2020 அக்டோபரில் செராசில் ஓர் அழகு நிலையத்தில் கையில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் இறந்துபோனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஊசி இல்லை, லிப்போசக்ஷன், ஆனால் இடம் அதே மாதிரி இடம்தான்.

மீனா, டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். டாக்டர் பெயரை எம்எம்சியின் (மலேசிய மருத்துவ மன்றம்) மெரிட்ஸ் தளத்தில் தேடலாம், இந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று காட்டும். சாதாரண டாக்டர் அழகுச் சிகிச்சை செய்வதாக இருந்தால் சுகாதார அமைச்சு அதற்காகத் தரும் எல்சிபி என்ற தகுதிக் கடிதம் வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்கின் பதிவுச் சான்றிதழும் வரவேற்பறையில் மாட்டியிருக்க வேண்டும்.


செந்தூல் மீனா:

எல்லாருக்கும் நன்றி. ஜெயந்தி, உங்கள் அண்ணி கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பார்லர்காரம்மாவிடம் எம்ஏஎல் நம்பர் கேட்டேன். முதலில் "இது ஆர்கானிக், அதுக்கு எம்ஏஎல் தேவையில்லை" என்றார். யார் ஊசி போடுவது, டாக்டரா என்று கேட்டேன். "நான் கொரியாவில் டிரெயினிங் எடுத்தவள்" என்றார். மூன்றாவது கேள்விக்கு என்னை பிளாக் பண்ணிவிட்டார். ஆக அந்தக் கதை முடிந்தது. கல்யாணத்துக்கு நல்ல பிளவுஸ் தைக்கிற ஆளைப் பிடித்துவிட்டேன், மஸ்ஜித் இந்தியா பக்கம், அவரிடம் போகிற செலவு இதைவிடக் குறைவு. தாடை விஷயத்தை தீபாவளிக்குப் பிறகு தோல் டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வேறு பிரச்சினை. என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்ன தோழி, அவள் போன மாதம் வயிற்றுக்குப் போட்டவள். நீங்கள் எழுதியதைக் காட்டியதும் முகம் வெளுத்துப்போய் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொப்புளைச் சுற்றி மூன்று கட்டி, சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறது. ஒன்றில் நீர் கசிகிறது. பார்லரில் அமுக்கித் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. என்ன செய்வது?


வார்டு அக்கா (கேஎல்):

தேய்ப்பதை இந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். தானாகக் குத்தி உடைக்கவும் கூடாது, வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கை முழுங்கவும் கூடாது, பாதி மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் கிருமியை வளர்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நாளைக்கே டாக்டரிடம் போகட்டும். அரசாங்க கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாதான்) போனால்கூடப் போதும், தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். கூச்சப்பட்டு "கொசு கடித்தது" என்று சொல்ல வேண்டாம். "போன மாதம் பார்லரில் கொழுப்பு கரைக்கும் ஊசி போட்டேன், அதே இடத்தில் கட்டி" என்று சொன்னால்தான் அவர்களுக்கு மைக்கோபாக்டீரியா ஞாபகம் வரும், கசிகிற நீரையும் திசுவையும் எடுத்து அதற்கான சோதனைக்கு அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ், எச்ஐவியும் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும், ஊசி யாருக்கெல்லாம் போட்டது என்று தெரியாதே. இரண்டும் உடனே தெரியாமல் இருக்கலாம், டாக்டர் சொல்லும் தேதியில் இரண்டாவது தடவையும் எடுக்க வேண்டும். யாரும் அவளைத் திட்ட மாட்டார்கள், திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். :)

காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, தோல் கறுத்தாலோ, வலி திடீரென்று கூடினாலோ நாளை வரை காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சி. மூச்சு முட்டினால் 999.


குளுகோர் பார்மசிஸ்ட்:

அக்கா சொன்னதோடு இதையும் செய்யுங்கள். பார்லரில் இருந்து வந்த படங்கள், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம். உங்களுக்கு அனுப்பிய அந்தப் பெட்டிப் படம் இப்போது உபயோகப்படும், அதில் பெயரும் லாட் நம்பரும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) தெரிந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், ஜெயந்தி அண்ணிக்குக் கிடைக்காதது இதுதான். என்ன பொருள் என்று புரியாவிட்டால் டாக்டரே இங்கே பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம், டாக்டர்களுக்கும் பொதுமக்களுக்கும் பதில் சொல்வார்கள்.

புகார் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். மருந்தைப் பற்றி என்பிஆர்ஏவுக்கு, பொதுமக்களே நிரப்பும் பக்கவிளைவுப் படிவம் அவர்கள் தளத்தில் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தைப் பற்றி மாநில சுகாதார இலாகாவில், தனியார் மருத்துவத் தொழிலைக் கண்காணிக்கும் சிகேஏபிஎஸ் பிரிவுக்கு, கிள்ளான் என்பதால் சிலாங்கூர். தோழிக்கு இப்போது தெம்பு இல்லை என்றால் நீங்களே எழுதலாம் மீனா, உங்களிடமும் படம் இருக்கிறதே.


செந்தூல் மீனா:

படம் இருக்கிறது. பிளாக் பண்ணுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலையில் லீவு போட்டு அவளைக் கூட்டிப்போகிறேன், டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன். சிகேஏபிஎஸ்ஸுக்குத் தமிழில் எழுதலாமா, மலாயில்தான் எழுத வேண்டுமா?


குளுகோர் பார்மசிஸ்ட்:

மலாயில் எழுதுங்கள், சீக்கிரம் நகரும். இடம், தேதி, என்ன போட்டார்கள், யார் போட்டார்கள், எவ்வளவு வாங்கினார்கள், அவ்வளவுதான். வேண்டுமானால் எழுதி எனக்கு மெசேஜில் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.